மருந்து குறைக்கும் விந்தணுவை மூலிகை காப்பாற்றுமா?

பினாங்கு லெபு பாசார் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் ஆண்களுக்கென்றே ஒரு தட்டு இருக்கும். அமுக்கரா கிழங்கு, பூனைக்காலி விதை, நெருஞ்சில், நீர்முள்ளி விதை, கருஞ்சீரகம் எல்லாம் பாட்டிலிலும் பிளாஸ்டிக் பையிலும் வரிசையாக நிற்கும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்காட் அலி என்ற மலாய் மூலிகை வேர் கலந்த கோப்பி பாக்கெட்டுகள். இவற்றைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ‘பலத்துக்கு’ என்றுதான் கேட்பார்கள். இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு. “அண்ணே, தம்பிக்கு கீமோ ஆரம்பிக்கப் போறாங்க. பின்னால பிள்ளை இல்லாமப் போயிடும்னு சொல்றாங்களே, அதுக்கு ஏதாவது மூலிகை இருக்கா?”

கேட்பவரைச் சிரித்து ஒதுக்க முடியாது. மருந்துகள் விரையைப் பாதிப்பதும், சில தாவரச் சாறுகள் அந்தப் பாதிப்பைக் குறைப்பதும் ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் எந்த மூலிகை என்று கேட்பதற்கு முன்னால் எந்த மருந்து, அது எங்கே கை வைக்கிறது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டு முடித்தால் மூலிகையைப் பற்றிய கேள்வி பாதி இடங்களில் தேவையே இல்லாமல் போகும். மீதி இடங்களில் அது நாம் நினைப்பதைவிடச் சிக்கலானதாக மாறிவிடும்.

விரைக்குள் மெல்லிய குழல்கள் அடர்ந்து சுருண்டிருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் மூல உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பிரிந்து, வளர்ந்து, தலையும் வாலும் கொண்ட விந்தணுவாக மாற ஏறத்தாழ 74 நாள் ஆகும். அப்புறம் விரையை ஒட்டிய நீளமான குழலில் முதிர்ந்து நீந்தும் திறன் பெற இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகக் கூடி மூன்று மாதம். இன்று விழுங்கும் மாத்திரை விந்தணு எண்ணிக்கையில் தெரிவதற்கும், நிறுத்திய பிறகு பழைய நிலை திரும்புவதற்கும் இந்த மூன்று மாதக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளைந்த கதிரை மழை அடித்துப் போனால் அடுத்த போகம் இருக்கிறது. விதைநெல்லே போய்விட்டால் அடுத்த போகமும் இல்லை. மருந்துகளையும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம். வளர்ந்துகொண்டிருக்கும் விந்தணுக்களை மட்டும் கெடுக்கும் மருந்துகள் ஒரு வகை. மூல உயிரணுக்களையே அழிப்பவை இன்னொரு வகை. விரையைத் தொடாமல் மூளையிலிருந்து வரும் கட்டளையை நிறுத்திவிடுபவை மூன்றாவது வகை.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் சல்ஃபாசலசின். பெருங்குடல் புண்ணுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் பழைய மாத்திரை இது. இதைச் சாப்பிட்ட ஆண்களுக்குக் குழந்தைப்பேறு தடைபடுவதை 1979-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. எண்ணிக்கை குறைகிறது, நீந்தும் வேகம் குறைகிறது, வடிவம் கெடுகிறது. மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் திரும்பிவிடுகிறது. பாதிப்பை உண்டாக்குவது அதில் இருக்கும் சல்ஃபா பகுதி. அது இல்லாத மெசலசினுக்குக் குடல் நோயாளிகளை மாற்ற முடியும். இந்த நோயாளிக்கு ஆறு மாதம் அமுக்கரா சூரணம் கொடுப்பதில் என்ன அர்த்தம்? மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீரும் விஷயம் இது. வழுக்கைக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடும் ஏறக்குறைய இந்த ரகம்தான். சிலருக்கு எண்ணிக்கையைக் குறைக்கிறது, நிறுத்தினால் ஏறுகிறது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின் விந்து வெளியே வருவதையே குறைத்துவிடும். விந்தணு நன்றாகத்தான் இருக்கும், வெளியே வருவதுதான் தடைபடுகிறது. அதற்கும் மூலிகையில் வேலை இல்லை.

மூன்றாவது வகையில் முதன்மையானது டெஸ்டோஸ்டெரோன் ஊசி. ஆண்மை ஹார்மோனை ஊசியாகப் போட்டால் விந்தணு பெருகும் என்று நம்பிப் போடுகிறார்கள், குறிப்பாக ஜிம்மில். நடப்பது நேர்மாறானது. வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைப் பார்த்த மூளை, விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. இதையே ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என்று உலகச் சுகாதார நிறுவனம் சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. வாரம் 200 மில்லிகிராம் வீதம் 271 பேருக்குப் போட்டார்கள். 157 பேர் விந்தணுவே இல்லாத நிலையை அடைந்து அடுத்த கட்டச் சோதனைக்குப் போனார்கள். பிள்ளைக்காக ஏங்கும் ஒருவர் கருத்தடை ஊசியைக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் திரும்பும். சிலருக்கு இரண்டாண்டு ஆகும். இந்தக் காத்திருப்பில் தொங்காட் அலி குடிப்பவர்கள் உண்டு. எண்ணிக்கை ஏறியதும் பெயர் தொங்காட் அலிக்குப் போய்விடும். ஊசியை நிறுத்தியதால் ஏறியதா, வேரால் ஏறியதா என்று அவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

கவலைப்பட வேண்டியது நடு வகை. சைக்ளோபாஸ்பமைடு, புசல்ஃபான், புரோகார்பசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களின் டி.என்.ஏ.வை உடைக்கின்றன. புற்றுச் செல்லும் வேகமாகப் பிரியும், விந்தணுவை உண்டாக்கும் செல்லும் வேகமாகப் பிரியும். மருந்து இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அளவு கூடும்போது விதைநெல்லிலேயே கை வைக்கிறது. எல்லோருக்கும் நிரந்தர மலட்டுத்தன்மை வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. விரைப் புற்றுக்கு சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ எடுத்துக்கொண்ட பலருக்கு இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் விந்தணு திரும்பியிருக்கிறது. யாருக்குத் திரும்பும் என்பதை மருந்தின் பெயரும் மொத்த அளவும் சிகிச்சைக்கு முன்னால் இருந்த எண்ணிக்கையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

சரி, மூலிகை எங்கே வருகிறது? விந்தணுவின் உடற்கூற்றிலேயே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதன் மேல்சவ்வு எளிதில் ஆக்சிஜனால் கெட்டுப்போகும் கொழுப்பு அமிலங்களால் ஆனது. உள்ளே செல்சாறு மிகக் குறைவு என்பதால் பழுதுபார்க்கும் நொதிகளும் குறைவு. ஜான் மெக்லியோட் 1943-லேயே இதைக் காட்டினார்: ஆக்சிஜன் மிகுந்த சூழலில் மனித விந்தணு அசைவிழக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் தாக்குப்பிடிக்கிறது. பல மருந்துகள் விரையில் இதே ஆக்சிஜன் சேதத்தைத் தூண்டுகின்றன. ஆக, அந்தச் சேதத்தைத் தணிக்கும் பொருள் எந்தச் செடியில் இருந்தாலும் அது விந்தணுவைக் காக்கலாம் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதுதான். முருங்கை, இஞ்சி, புளிச்சை, கருஞ்சீரகம், மஞ்சள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போவது இதனால்தான். சிஸ்பிளாட்டின் கொடுத்த எலிகளுக்கு இஞ்சியும் புளிச்சையும் பாதுகாப்புத் தந்ததாக 2006-இல் ஒரு ஆய்வு வந்தது. புற்றுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் கெடுத்த விரைக்குக் கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுவினோன் என்ற சேர்மம் உதவியதாக 2011-இல் இன்னொன்று.

இந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இளம் ஆண் எலிகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஆறோ எட்டோ. ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு மருந்து மட்டும், ஒன்றுக்கு மூலிகைச் சாறு மட்டும், கடைசிக் கூட்டத்துக்கு இரண்டும். சாற்றை வளைந்த குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் இறக்குவார்கள். குறித்த நாளில் எலியைக் கொன்று, விரையை எடை போட்டு, முதிர்ந்த விந்தணு தங்கியிருக்கும் குழலின் வால்பகுதியை வெதுவெதுப்பான உப்புநீரில் நறுக்கிவிடுவார்கள். அந்த நீரில் ஒரு சொட்டைக் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ணுவார்கள். விரையைச் சீவிச் சாயமேற்றினால், மருந்து மட்டும் குடித்த எலியில் குழல்கள் வற்றி நடுவே வெறுமையாகக் கிடக்கும். மூலிகையும் குடித்த எலியில் ஓரளவு நிறைந்திருக்கும். படத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

நம் ஊரிலேயே இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, அதுவும் இரண்டு மூலிகைகளை எதிரெதிரே நிறுத்தி. கெலுகோர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சான் கிட் லாம் குழு 2009-இல் வெளியிட்டது. எலிகளின் விந்தணுவைக் குறைக்க அவர்கள் எடுத்துக்கொண்டது கீமோ மருந்து அல்ல, நிலவேம்பு. மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்று கசாயம் வைக்கும், நம் வீடுகளில் காய்ச்சலுக்குக் குடிக்கும் அதே செடி. கிலோவுக்கு 500 மில்லிகிராம் வீதம் 48 நாள் கொடுத்ததில் எண்ணிக்கை சரிந்தது, அசைவு மங்கியது, வடிவம் கெட்டது. தொங்காட் அலி வேர்ச் சாற்றைக் கொடுத்தபோது அந்தச் சரிவு பெருமளவு திரும்பியது. தொங்காட் அலி மட்டும் குடித்த எலிகளில் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது ஏறியது 99.2 விழுக்காடு.

இந்த ஒரே ஆய்வு ஒரு மூலிகை காக்கும் என்றும் இன்னொரு மூலிகை கெடுக்கும் என்றும் சொல்கிறது. முதல் பாதியைத்தான் விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், இரண்டாவது பாதியை விட்டுவிடுவார்கள். விந்தணுவைக் குறைக்கும் செடிகள் நிலவேம்போடு நிற்பதில்லை. பப்பாளி விதைச் சாறு குரங்குகளில் விந்தணுவை முற்றிலும் நிறுத்தியிருக்கிறது. துளசியும் வேம்பும் விலங்கு ஆய்வுகளில் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. மஞ்சளின் குர்குமினைச் சோதனைக் குழாயில் அதிகச் செறிவில் சேர்த்தால் விந்தணு நீந்துவதை விட்டுவிடுகிறது. பெரிய எச்சரிக்கை பருத்திக் கொட்டையிலிருந்து வந்தது. அதிலுள்ள காஸிபால், சமையல் எண்ணெய் வழியாகச் சீனக் கிராமங்களில் ஆண்களை மலடாக்கியது தெரிந்து, அதையே கருத்தடை மாத்திரையாக்கி 1970களில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியது, சிலருக்கு விந்தணு திரும்பவே இல்லை. கடைசியில் கைவிட்டார்கள். செடியிலிருந்து வந்தது, ஆகவே தீங்கில்லை என்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருக்க வேண்டும்.

நிலவேம்புக் கசாயம் குடித்தவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். 1997-இல் வந்த ஓர் ஆய்வில் எலிகளுக்குக் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் வரை 60 நாள் கொடுத்தும் விரைக்கு எதுவும் ஆகவில்லை. சாறு எடுத்த முறை மாறினால் முடிவும் மாறுகிறது. அதோடு அளவையும் பார்க்க வேண்டும். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற, உடல் பரப்பை வைத்துக் கணக்கிட்டு ஏறத்தாழ ஆறால் வகுப்பார்கள். கெலுகோர் எலிகளுக்குக் கொடுத்த நிலவேம்பு 60 கிலோ மனிதருக்கு ஏறத்தாழ 5 கிராம் செறிந்த சாறு, அதுவும் 48 நாள் விடாமல். டெங்குக் காய்ச்சலுக்கு நான்கைந்து நாள் குடிக்கும் கசாயம் வேறு கணக்கு.

இதே கணக்கைத் தொங்காட் அலிக்கும் போட வேண்டும், அங்கேதான் விஷயம் இடிக்கிறது. எலிகளுக்குக் கொடுத்த கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது மனிதருக்கு ஏறக்குறைய 2 கிராம் சாறு. கோலாலம்பூரில் மனிதர்களுக்குக் கொடுத்தபோது நாளொன்றுக்கு மொத்தமே 200 மில்லிகிராம்தான், பத்தில் ஒரு பங்கு. 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வு பிள்ளையில்லாத 350 ஆண்களைச் சேர்த்தது. ஒன்பது மாதம் முழுவதையும் முடித்தவர்கள் 75 பேர். அவர்களில் 11 பேரின் மனைவிமார் கருவுற்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட கூட்டம் இல்லை. காரணம் தெரியாத குறைபாடு உள்ள தம்பதிகளில் எந்த மருந்தும் இல்லாமலேயே சிலர் கருவுறுவது சாதாரணம் என்பதால், அந்த 11 பேரை எந்தக் கணக்கில் எழுதுவது? அங்கே சேர்க்கப்பட்டவர்கள் காரணம் புலப்படாத குறைபாடு உள்ளவர்கள், மருந்தால் விந்தணு இழந்தவர்கள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

மற்ற மூலிகைகளிலும் மனிதச் சான்று இந்த அளவில்தான் நிற்கிறது. அமுக்கரா சாறு 90 நாளில் எண்ணிக்கையை 167 விழுக்காடு உயர்த்தியதாக 2013-இல் வந்த இந்திய ஆய்வு 46 பேரை வைத்தது. கருஞ்சீரக எண்ணெயை இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்த ஈரான் ஆய்வில் 68 பேர். வெறும் எண்ணெயோடு ஒப்பிட்டதால் இருப்பதில் ஒழுங்கான ஆய்வு அது. சிறிய ஆய்வுகளில் பெரிய எண்கள் வருவது வழக்கம். விந்தணு எண்ணிக்கை இயல்பிலேயே ஏறி இறங்குவது. அது இறங்கியிருக்கும் நேரத்தில்தான் ஒருவர் மருத்துவரைத் தேடி வருகிறார், அடுத்த முறை எடுக்கும்போது தானாகவே கொஞ்சம் ஏறியிருக்கும். 2020-இல் அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய சிறிய ஆய்வுகள் பிரமாதமாக இருந்தன. பெரிய ஆய்வில் குழந்தை பிறந்தது மாத்திரை சாப்பிட்டவர்களில் 34 விழுக்காடு, மருந்து இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 35.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறொன்று. அந்த நான்கு கூட்ட எலிகளில் எதற்கும் புற்றுநோய் இல்லை. கீமோ மருந்தை ஆரோக்கியமான எலிக்குக் கொடுத்து, விரை காப்பாற்றப்பட்டதா என்று பார்க்கிறார்கள். மருந்து கொல்ல வேண்டிய கட்டி அந்தக் கூண்டில் கிடையாது. விந்தணுச் செல்லை மருந்திடமிருந்து காக்கும் பொருள் புற்றுச் செல்லையும் காத்துவிடாது என்று எப்படித் தெரியும்? வெறும் தர்க்கத்துக்காகக் கேட்பதில்லை இது. மார்பகப் புற்று வைத்த சுண்டெலிகளுக்குக் குர்குமின் கலந்த தீனி கொடுத்தபோது சைக்ளோபாஸ்பமைடு கட்டியைச் சுருக்குவது தடைபட்டதாக 2002-இலேயே ஆய்வு வந்திருக்கிறது. 2020-இல் அமெரிக்கப் பெண் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கீமோவுக்கு முன்னும் போதும், ஆக்சிஜன் சேதத்தைத் தணிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. எண்ணிக்கை சிறியது, முடிந்த முடிவென்று சொல்ல முடியாது. ஆனால் தன் பிள்ளைக்குப் பரீட்சித்துப் பார்க்க எந்தத் தாயும் முன்வரமாட்டாள்.

மருந்தோடு சேர்த்துக் காப்புப்பொருள் கொடுப்பதே தவறு என்றும் ஆகாது. சைக்ளோபாஸ்பமைடு உடலில் உடையும்போது அக்ரோலின் என்ற நச்சு உண்டாகிச் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். புற்றைக் கொல்வது இன்னொரு துண்டு. மெஸ்னா என்ற மருந்து சிறுநீரில் அக்ரோலினை மட்டும் பிடித்துக்கொள்கிறது, புற்றைக் கொல்லும் துண்டைத் தொடுவதில்லை. அதனால்தான் அது ஆஸ்பத்திரியில் இடம்பிடித்தது. விரைக்கும் அப்படித் துல்லியமாக வேலை செய்யும் ஒன்று ஏதாவது செடியில் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் எந்தச் சேர்மம், எந்த அளவு, எந்த நேரம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேரை அரைத்து மொத்தமாகக் கொடுப்பதில் அது தெரியாது.

எண்ணிக்கையே முழுக் கதையும் அல்ல. மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் ரொபேர் குழு 1980களிலேயே இதைக் காட்டியது. சைக்ளோபாஸ்பமைடு குடித்த ஆண் எலிகளை இணைசேர விட்டபோது கருக்கள் கலைவதும் குறைபாடுள்ள குட்டிகளும் கூடின. விந்தணு இருந்தும், உள்ளே டி.என்.ஏ. சிதைந்திருந்தது. கீமோ முடிந்த பிறகு சில மாதமாவது கருத்தடையோடு பொறுத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். மூலிகை ஆய்வுகளில் பல, எண்ணி முடித்ததோடு நின்றுவிடுகின்றன. குட்டி பிறந்ததா, நலமாகப் பிறந்ததா என்று பார்ப்பவை குறைவு. எலிக்கு விந்தணு உருவாக ஐம்பது நாளுக்கு மேல் ஆகும் என்றிருக்க, நான்கு வாரத்தில் முடிக்கும் ஆய்வுகளும் ஏராளம்.

கடைக்கு வந்த பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பது தனிக் கவலை. அதே மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சந்தையில் வாங்கிய தொங்காட் அலி தயாரிப்புகளைச் சோதித்து, சிலவற்றில் அனுமதித்த அளவுக்கு மேல் பாதரசம் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண்களுக்கான கோப்பியிலும் தேனிலும் ஆண்மைக் குறைவுக்கான மருந்துகளான சில்டெனாஃபில், டாடலாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. மார்வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அந்தக் கோப்பியைக் குடித்தால் ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கும். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி-யில் முடியும் எண் இருக்கும். அது தரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஓரளவு உறுதி. பலன் நிரூபணமானதாக அர்த்தம் இல்லை. மலட்டுத்தன்மையைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி இந்த நாட்டில் அனுமதி கிடையாது. ஃபேஸ்புக்கில் நேரலையில் கூவி விற்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

அப்புறம், மூலிகை மற்ற மாத்திரையோடு மோதுவது. ஆரோக்கியமான ஆண்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை புரோப்ரனோலாலோடு தொங்காட் அலி கொடுத்துப் பார்த்த மலேசிய ஆய்வில், ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு குறைந்துபோனது. அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்த பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றன. டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்துவிட்டது. கீமோவும் மெத்தோட்ரெக்ஸேட்டும் ஏற்கெனவே கல்லீரலைச் சோதிக்கும் மருந்துகள். தொங்காட் அலி வேர்ச் சாறு டி.என்.ஏ.வைப் பாதிக்கலாம் என்ற சந்தேகத்தில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அதற்குப் பச்சைக்கொடி காட்ட மறுத்தது. விந்தணுவின் டி.என்.ஏ.வைக் காக்க என்று வாங்கும் பொருளுக்கு இப்படி ஒரு குறிப்பு! வாசகர் அதை வைத்துத் தானே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த நாட்டில் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அவர்களிடம் போவதில் தவறில்லை, ஆனால் சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். புற்றுநோய் மருத்துவரிடமும் சாப்பிடும் சூரணத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். திட்டுவார் என்று மறைப்பதுதான் நம்மவர்கள் வழக்கம். விந்தணுவுக்குப் பயந்து மன அழுத்த மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ தானாக நிறுத்துவதும் அதே அளவுக்கு ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று கேட்டால் பல நேரங்களில் உண்டு என்ற பதில்தான் வரும்.

கீமோ தொடங்கப் போகிற தம்பிக்கு நிரூபணமான வழி ஒன்று இருக்கிறது, அதற்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. உறைந்த விந்தணுவிலிருந்து கர்ப்பம் உண்டானதை அமெரிக்காவின் அயோவாவில் பங்கியும் ஷெர்மனும் 1953-இல் அறிவித்தார்கள். இன்று திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் பல ஆண்டு கழித்தும் பயன்படுகிறது. ஒரு முட்டைக்கு ஒரு விந்தணுவை நேரே செலுத்தும் முறை 1992-இல் வந்த பிறகு, நோயால் எண்ணிக்கை குறைந்திருப்பவரின் மாதிரியும் வீணாவதில்லை. ஒரே நிபந்தனை, முதல் டோஸுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். டோஸ் விழுந்த பிறகு எடுக்கும் மாதிரியில் டி.என்.ஏ. சேதம் கலந்துவிடும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உறைய வைக்கும் கருத்தரிப்பு மையங்கள் உள்ளன. பொதுவாக ஓரிரு மாதிரி போதும், இரண்டு மூன்று நாளில் முடியும் வேலை. சிகிச்சை தள்ளிப்போகாது.

ஆனால் நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுப்பது யார்? இருபது வயதுப் பையன் அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது டாக்டரிடம் விந்தணுவைப் பற்றி வாய் திறக்க மாட்டான். அம்மா உயிர் பிழைத்தால் போதும் என்றிருப்பாள், அப்பா கூச்சப்பட்டு ஜன்னலைப் பார்ப்பார். டாக்டருக்கு அன்றைக்கு இன்னும் முப்பது நோயாளி. மூலிகைக் கடைக்கு வந்து கேட்கும் அக்காவோ மாமாவோ அந்த ஒரு வாக்கியத்தை வார்டில் கேட்டுவிட்டால் போதும்: “டாக்டர், மருந்து ஏத்துறதுக்கு முன்னால இவனோட விந்தணுவை எடுத்து வைக்க முடியுமா?”

மூலிகை ஆராய்ச்சிக்கு உண்மையாகவே வேலை இருக்கும் இடம் ஒன்று மிஞ்சுகிறது. ரத்தப் புற்று வந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு உறைய வைக்க விந்தணுவே கிடையாது. மூல உயிரணுக்கள் மட்டும்தான் இருக்கின்றன. ஹார்மோனை அடக்கி விரையைத் தூங்க வைக்கும் முயற்சிகள் ஆண்களில் பலிக்கவில்லை. விரைத் திசுவை ஒரு துண்டு எடுத்து உறைய வைப்பது இன்னும் ஆராய்ச்சி நிலையில் இருக்கிறது. அப்படி வைத்த திசுவிலிருந்து கிடைத்த விந்தணுவில் கிரேடி என்ற குரங்குக் குட்டி பிறந்ததை 2019-இல் அறிவித்தார்கள். கர்நாடகத்து மணிப்பாலில் ஒரு குழு இதே வயதை மனத்தில் வைத்துப் பருவமடையாத சுண்டெலிகளை எடுத்துக்கொண்டது. சைக்ளோபாஸ்பமைடோடு முருங்கை இலைச் சாற்றையும் கொடுத்ததில் மூல உயிரணுக்களின் சேதம் குறைந்ததாக 2016-இல் வெளியிட்டார்கள். நான் படித்தவற்றில் சரியான கேள்வியைத் தொட்ட மூலிகை ஆய்வு இது. அடுத்து அதே முருங்கைச் சாற்றை ரத்தப் புற்று வைத்த சுண்டெலிகளுக்குக் கொடுத்து, மருந்து புற்றைக் கொல்லும் வேகம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.